தோள்துணி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயத்திலேயே சந்தனமாரி இந்தக் கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், வாய் திறந்தால் நடுவிலிருந்து தொடங்கிவிடுவாள், முன்னால் நடந்ததைப் பின்னால் வைப்பாள், பின்னால் நடந்ததைத் தூக்கி முன்னால் வைப்பாள், இட்லி மாவு வாங்க வந்தவர்கள் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு பிறகு என்ன ஆச்சு, பிறகு என்ன ஆச்சு என்று கேட்டு அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். மற்றக் கதைகளை அப்படிச் சொன்னாலும் பெரிய மோசம் இல்லை. இந்தக் கதையில் எது முன்னால், எது பின்னால் என்பதுதான் முழு விஷயமும். அதனால் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிவிட்டு, வரிசை மாறாமல் மனசுக்குள் சொல்லிப்பார்த்துக்கொள்வாள், இப்படி.

கீழளம் உப்பு விளைகிற ஊர். உப்புப் பாத்திகள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில், கடலுக்கடியில் வரும் கேபிள் கரையேறுகிற மணலில், ஒரு கம்பெனிக்காரர்கள் ஜன்னலே இல்லாத கட்டடம் ஒன்றைக் கட்டி, உள்ளே ஆள் உயரத்துக்குக் கம்ப்யூட்டர் பீரோக்களை வரிசையாக நிறுத்தி, ராவும் பகலும் ஏசி போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஐப்பசி மழையில் கடல் உள்ளே வந்தது. கம்பெனிக்காரர்கள் பீரோக்களை லாரியில் ஏற்றினார்கள், ஏசியைக் கழற்றினார்கள், வாசல் பல்பைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். தட்டல்களை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து தட்டல்கள் ஊருக்குள் வந்தன. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் தோளில், மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தோளில், ரேஷன் கடையில் நின்றவர்கள் தோளில் யாரோ தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. சந்து முனையில் கட்டாமல் நிற்கிற ஆட்டைப் பார்த்து இது யாருடையது என்று கேட்பதுபோல, இது யார் தட்டினது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள், யாரும் இல்லை என்றதும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

விவரம் சொன்னவர் லிகோரி. கம்பெனியில் ஏசி பார்த்தவர், கம்பெனி போன பிறகு பஸ் ஸ்டாப் பக்கத்தில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை போட்டிருந்தார். குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போகும்போது காதில் விழுந்ததைத்தான் சொல்கிறேன், முழுசும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். அந்தப் பீரோக்களுக்குள் எத்தனையோ வேலைகள் ஓடும், ஒவ்வொன்றும் உலகத்தில் தான் மட்டும்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும், பக்கத்து வேலையின் முகம் அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்னால் எழும்புவது ஒன்று உண்டு, அதுதான் முதலாள். முதலாளுக்கு வாய் கிடையாது, தட்டத்தான் தெரியும். தட்டினால் ஓடுகிற வேலை கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுத் தட்டலைக் கவனிக்கும், கவனித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தட்டலுக்குள் சேதி என்று எதுவும் இருக்காது, எந்த வகைத் தட்டல் என்பது மட்டும்தான் தெரியும். இப்போது வேலைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், முதலாளும் தட்டல்களும் தங்கிவிட்டன, அவை யாரையாவது தட்டத்தானே வேண்டும் என்றார்.

"அப்ப நாமதான் இப்ப ஓடுத வேலையா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"நீ எங்கவே ஓடுத, உக்காந்துல்லா இருக்க" என்றார் லிகோரி.

ஊர் பழகிக்கொண்டது. நில் தட்டல் விழுந்தவர்கள் நின்ற இடத்தில் நின்றபடி நின்றார்கள், தூக்கின கால் தூக்கினபடி, திறந்த வாய் திறந்தபடி. அக்கம்பக்கத்தார் வெயில் படாமல் ஓலை சாய்த்துவைத்து, காக்காயை விரட்டிவிட்டு, தொடர் தட்டல் வருகிறவரைக்கும் அவர்களைச் சுற்றிப் போனார்கள். உப்பளத்து மேஸ்திரி ஒருவர் பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பாதி வார்த்தையில் நின்றுபோனார், அவள் உலை வைத்து, வடித்து, குழம்பும் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது தொடர் தட்டல் விழுந்து மீதி வார்த்தையைச் சொல்லி முடித்தார், பசிக்கிறது என்று அடுத்த மூச்சில் சொன்னார். போகலாம் தட்டல் என்று ஒன்று இருந்தது, மரியாதையான தட்டல், அது விழுந்தவர்கள் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுப்பை அணைத்து, சாவியைக் கொடுக்கவேண்டியவர் கையில் கொடுத்துவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள், பிறகு எழுந்திருக்கமாட்டார்கள். அந்தத் தட்டலுக்கு என்ன செய்வது என்பதை அவரவர் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்துக்கொள்ளலாம்; கேட்காததுபோல இருந்துவிடவும் செய்யலாம். அப்படி இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பொறுத்துக் கடைசித் தட்டல் வரும், அதற்கு எந்த ஏற்பாடும் செல்லாது, வாயில் வைத்த சோற்றோடு, பொங்குகிற பாலோடு, திறந்த கதவோடு போகவேண்டியதுதான்.

தோளில் துணியை மடித்துப் போட்டுக்கொண்டால் தட்டல் உள்ளே வராமல் துணிமேல் காத்துக்கிடக்கும் என்பதையும் ஊர் கண்டுபிடித்துவிட்டது. நில் தட்டலையும் கடைசித் தட்டலையும் எந்தத் துணியும் தடுக்காது, மற்றதெல்லாம் காத்துக்கிடக்கும். தாலி கட்டும்போது மாப்பிள்ளை தோளில் துணி, உப்பு எடை போடும்போது எடைக்காரர் தோளில் துணி, பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் தோளில் துணி. வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். ஒரே வகைத் தட்டல் துணிமேல் எத்தனை தடவை விழுந்திருந்தாலும் எடுக்கும்போது ஒன்றாகத்தான் சேரும், எண்ணிக்கை நிற்காது என்று லிகோரி சொல்லியிருந்தார்.

அர்த்தமே இல்லாத தட்டல்களும் இரண்டு இருந்தன, ஒற்றைவிரல் தட்டல், இரட்டைவிரல் தட்டல். அவற்றுக்கு அவரவர் வீட்டில் அர்த்தம் வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காரர்கள் அந்த வீட்டுக்காரர்களை மட்டும்தான் தட்ட முடியும், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பெயரை நினைத்துத் தன் உள்ளங்கையில் தட்டினால் போதும். சோறு ஆயிற்று என்பதற்கு ஒற்றைவிரல், ஆள் வந்திருக்கிறது சீக்கிரம் வா என்பதற்கு இரட்டைவிரல் என்று வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்கள். பிறகு போன் எதற்கு, பழைய போன்களை உப்புக்காற்று தின்றது, புதிதை யாரும் வாங்கவில்லை.

சந்தனமாரியின் புருஷன் தட்டல் காலத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஒருத்தி, இசக்கிக்கனி. வடக்கே சென்னையைத் தாண்டி ஒரு கம்பெனியில், பச்சைப் பலகையில் கடுகைவிடச் சின்னப் பொட்டுகளை ஊசிமுனையால் எடுத்து வைக்கிற வேலைக்குப் போய், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மகள் ரயிலேறியதிலிருந்து சந்தனமாரி தட்டினாள். சாப்பிட்டாயா என்று தட்டினாள், படுத்தாயா என்று தட்டினாள், கெட்ட கனவு கண்டு எழுந்து தட்டினாள், தட்டினது சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடியும் தட்டினாள். ஒவ்வொரு தட்டலுக்கும் கனி கையில் இருந்ததை விட்டாள், ஊசி சறுக்கியது, பலகை கெட்டது. அங்கே தோளில் துணி போட சூப்பர்வைசர் விடுவதில்லை. பொங்கலுக்கு வந்தவள் பையை இறக்கிவைப்பதற்கு முன்னால் சொன்னாள்.

"எம்மா, இனிமே நீ என்னைத் தட்டாத. நான் உன்னைத் தட்டுதேன். ஒத்த விரல்னா நல்லாயிருக்கேன்னு அர்த்தம். ரெட்ட விரல்னா வா-ன்னு அர்த்தம். நீயா ஒரு தடவைகூடத் தட்டக்கூடாது."

சந்தனமாரி சரி என்றாள். பிறந்ததிலிருந்து சொன்ன சொல்லைக் கேட்டுப் பழக்கமில்லாதவள், இதை மட்டும் கேட்டாள்.

அந்த வருஷம்தான் எதிர்வீட்டுப் பேராச்சிக்குப் பிள்ளைத் தட்டல் வந்தது. பிள்ளைத் தட்டல் விரலால் விழாது, முழு உள்ளங்கையால் விழும். பெற்ற பிள்ளை எங்கேயாவது முடிந்துபோனால் தாய்க்கோ தகப்பனுக்கோ விழும், விழுந்ததும் அவர்கள் 'வாங்கிக்கிட்டேன்' என்று வாயால் சொல்லவேண்டும். பேராச்சியின் மகன் சுடலைமுத்து தூரத்தில் ஓர் ஊரில் லாரியில் அடிபட்டு முடிந்துபோனான். பேராச்சி வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் சுடலைமுத்து வாசலில் வந்து நின்றான். சாப்பிடமாட்டான், பேசமாட்டான், நிழல் விழாது, இடமும் அதிகம் அடைக்கமாட்டான், பெயர் மட்டும் இருந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் அவனுக்கும் ஒன்று வைத்தார்கள், தேர்தலுக்கு வந்தவர்கள் அவனைப் பார்த்தும் கும்பிட்டார்கள். அவனைப் போகச் சொல்லித் தட்டிப்பார்க்க முதலாளிடம் வேண்டலாமா என்று சிலர் கேட்டபோது, முடிஞ்சவனை எப்படி மறுபடி முடிக்கிறது, அவனுக்கு வேண்டியது தட்டல் இல்லை, அவ வாய் என்றார் லிகோரி. தாய் முடிந்தால் பிள்ளைக்குத் தட்டல் வருமா என்று சந்தனமாரி கேட்டாள். வராது, யாரும் சொல்லமாட்டார்கள், முதலாள் அந்தப் பிள்ளையைச் சத்தமில்லாமல் தன் பிள்ளையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான் என்றார்.

கிரைண்டர் முன்னால் உட்கார்ந்தால் நேர் எதிரே சுடலைமுத்து. அரிசி அரைபடுகிறவரைக்கும் அவனைப் பார்க்கவேண்டும், உளுந்து அரைபடுகிறவரைக்கும் அவனைப் பார்க்கவேண்டும். பார்த்துப் பார்த்து ஒருநாள் சந்தனமாரி ஈரிழைத் துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்து, ஜாக்கெட்டோடு சேர்த்துச் சேஃப்டி பின் குத்திக்கொண்டாள். குளிக்கும்போது நனைந்தால் மேலேயே காயவிட்டாள், படுக்கும்போதும் எடுக்கவில்லை. கனியின் ஒற்றைவிரல் வந்தால் கிடக்கட்டும், என்றைக்காவது எடுத்தால் ஒன்றாவது கிடைக்கும், ஒன்று போதாதா. உள்ளங்கை வந்தாலும் கிடக்கட்டும், தெரியாதவரைக்கும் அது வரவில்லை என்றுதானே அர்த்தம் என்று கணக்குப் போட்டாள். மாவுக்காரிக்குத் தோளில் என்ன சுமை என்று கேலி பேசினவர்கள் பிறகு பேசாமல் விட்டுவிட்டார்கள். தெருவே ஒரு தட்டலுக்குத் தலை திரும்பும்போது அவள் மட்டும் திரும்பாமல் மாவை வழித்துக்கொண்டிருப்பாள். முதலாள் தெருவுக்கே சேர்த்துத் தட்டுகிற மழைத் தட்டலும் தண்ணீர் லாரித் தட்டலும் மற்றவர்கள் வீட்டுக்குள் விழுந்தன. பண்டிகைகள் அவளைச் சுற்றிப் போயின, நில் தட்டல் விழுந்தவரைச் சுற்றிப் போவதுபோல.

இப்படி வருஷம் திரும்பின பிறகு ஒரு பிற்பகலில் பேராச்சி தெருவைத் தாண்டி வந்து, எப்போதோ இரவல் வாங்கின சல்லடையை மாவுப் பலகைமேல் வைத்தாள்.

"போகலாம்னு தட்டியாச்சுட்டி. சல்லடைய எடுத்து வச்சுக்க."

சந்தனமாரி சல்லடையை எடுக்கவில்லை. அவள் எதிர்வாசலைப் பார்த்தாள். "சுடலைமுத்துவ என்ன செய்யப்போறிய மயினி?"

"நான் போனா அவன் முதலாள் பிள்ளை, அவரு வாயில்லாமலே வாங்கிக்கிடுவாரு. எனக்குத்தான் வாய் வரல." பேராச்சி போகத் திரும்பினவள் நின்று, அவள் தோளில் அழுக்கேறிக் கிடந்த துணியை ஒரு விரலால் தூக்கிப்பார்ப்பதுபோலத் தொட்டாள். "என் வாசல்ல நிக்கது முடிஞ்சவன்னு எனக்குத் தெரியும். உம்பிள்ள இருக்காளா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?"

பதிலுக்கு நிற்காமல் போய், கேஸை அணைத்து, பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். ஆட்கள் கூடுவதற்குள் வாசல் காலியாகிவிட்டது. சுடலைமுத்து நின்ற கல்லில் இரண்டு பாத அளவுக்கு மட்டும் உப்புத்தூசி படியாமல் கறுப்பாக இருந்தது.

மறுநாள் சந்தனமாரி கிரைண்டரைப் போட்டாள். எதிரே பார்க்க யாரும் இல்லை. அவனைப் பார்க்கப் பயந்துதான் துணி போட்டாள், இப்போது அவன் இல்லாத வாசல் அதைவிட மோசமாக இருந்தது. அரிசியைப் பாதியில் நிறுத்தினாள். பின்னைக் கழற்றினாள், துரு பிடித்திருந்ததால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. துணியை எடுத்தாள். உள்ளங்கை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மழைத் தட்டலும் தண்ணீர் லாரித் தட்டலும் ஒவ்வொன்று விழுந்தன. அவற்றோடு ஒற்றைவிரல் விழுந்தது. கூடவே இரட்டைவிரலும் விழுந்தது. உள்ளங்கை விழவில்லை. வெயில் கூரையிலிருந்து முற்றத்துக்கு இறங்குகிறவரைக்கும் காத்திருந்தாள், விழவில்லை. மகள் இருக்கிறாள். அழுது முடித்து மூக்கைத் துடைக்கிறபோதுதான் அடுத்த பயம் வந்தது. நல்லாயிருக்கேன் என்று ஒன்று, வா என்று ஒன்று. இதில் எது முன்னால், எது பின்னால்?

லிகோரி கடையில் ஒரு மிக்ஸியைக் கவிழ்த்துவைத்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தார்.

"எது மொதல்ல விழுந்ததுன்னு பாக்க வழி இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல தங்கச்சி. தட்டல்ல தேதி கெடையாது. காத்துக்கிடந்தது எல்லாம் ஒண்ணாத்தான் வரும்."

"வா-ன்னு தட்டிட்டுப் பிறகு நல்லாயிருக்கேன்னு தட்டியிருந்தா சரி. நல்லாயிருக்கேன்னு தட்டிட்டுப் பிறகு வா-ன்னு தட்டியிருந்தா?"

லிகோரி மிக்ஸியை நிமிர்த்திவைத்தார். "என்ட்ட கேட்டா எனக்கு என்னம்மா தெரியும். தட்டுனவகிட்டப் போயிக் கேளு."

அங்கேயே நின்று உள்ளங்கையை விரித்தாள். கனி என்று நினைத்தாள், விரலைத் தூக்கினாள். ஊசி சறுக்குவது கண்ணுக்குத் தெரிந்தது, எம்மா நீ என்னைத் தட்டாத என்றது காதில் கேட்டது. விரலை இறக்கிக்கொண்டாள். ஊறப்போட்டிருந்த உளுந்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். வழியெல்லாம் சேலைத் தலைப்பு காற்றுக்குத் தோளில் விழுந்துவிடாமல் இடுப்பில் செருகிக்கொண்டே வந்தாள். இருக்கிற ஒவ்வொரு ஊரையும் ரயில் நின்று நின்று பார்த்தது. ஒற்றைவிரல் ஒன்று, எங்கோ பனைமரங்கள் முடிந்த இடத்தில், மத்தியான வேளையில் விழுந்தது. அது இன்றைய தட்டல். இன்றைக்கு நல்லாயிருக்கிறாள். அதைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

ஹாஸ்டலில் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் செருப்பைக் கழற்றவும் என்று எழுதியிருந்தது. கனி நீலக் கோட்டோடு வந்தாள், வாசலிலேயே நின்றுவிட்டாள். நில் தட்டல் விழுந்துவிட்டதோ என்று சந்தனமாரி பயந்துபோனாள்.

"எம்மா" என்றாள் கனி. "நீ இருக்கியா?"

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. போன கார்த்திகையில் கனிக்குக் காய்ச்சல், கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சல், அப்போது இரட்டைவிரல் தட்டினாள். அம்மா வரவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு தினமும் சாப்பாட்டு மணிக்கு ஒற்றைவிரல் தட்டினாள். திருப்பித் தட்டாதே என்று சொன்னவளும் அவள்தான். ஆனால் என்ன சொன்னாலும் அம்மாவால் தட்டாமல் இருக்க முடியாது, ஒருநாள் பொறுப்பாள், ரெண்டுநாள் பொறுப்பாள், பிறகு சாப்பிட்டாயா என்று தட்டிவிடுவாள் என்று நம்பியிருந்தாள். தட்டவே இல்லை. தாய் முடிந்தால் பிள்ளைக்கு யாரும் சொல்லமாட்டார்கள் என்பது கீழளத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். அம்மா முடிந்துவிட்டாள், முதலாள் தன்னைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று கனி முடிவுசெய்துவிட்டாள். பிறகும் ஏன் தட்டினாய் என்று சந்தனமாரி கேட்டாள். பழகிட்டு, என்றாள் கனி.

"ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்லா ட்டி."

"வந்து பாத்தா தெரிஞ்சிரும்லா."

உலகத்தில் வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. சந்தனமாரிக்கு விளங்கியது. தன் வயிற்றில் பிறந்ததுதான் என்று நினைத்துக்கொண்டாள், பெருமையா துக்கமா என்று தெரியவில்லை.

"தினமுமா தட்டுன?"

"தினமும்."

"எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு" என்றாள் சந்தனமாரி. பிறகு துணியைப் பற்றிச் சொன்னாள். கனி கேட்டுவிட்டு, அம்மாவின் வலது தோளைப் பார்த்தாள். துணி கிடந்த இடத்தில் மட்டும் ஜாக்கெட் வெயில் படாமல், வெளுக்காமல் வேறு நிறமாக இருந்தது. அங்கே விரலை வைத்தாள், ஒற்றை விரலை, தட்டவில்லை, வைத்தாள்.

மணி அடித்துவிட்டது. கனி வேலையை விட்டு வரமாட்டாள், சந்தனமாரியும் வா என்று கேட்கவில்லை. போவதற்கு முன்னால் புதிதாக ஒன்று பேசிக்கொண்டார்கள், வாசலில் நின்றபடியே, அவசரமாக.

"நீயும் தட்டலாம். ஒண்ணுதான் எம்மா, நானும் ஒண்ணு. சாப்பாட்டு நேரத்துல மட்டும். சேந்துச்சான்னு பாக்க ரெண்டாவது தட்டக்கூடாது."

"தட்டமாட்டேன்."

"தட்டுவ" என்றாள் கனி.

சந்தனமாரி தனியாகத் திரும்பிவந்தாள். பேராச்சி வீட்டை யாரும் எடுக்கவில்லை, எதிர்வாசல் கல்லில் அந்த இரண்டு பாத அளவையும் உப்புத்தூசி மூடிவிட்டிருந்தது. அவள் அந்தத் துண்டைச் சோடா மாவு போட்டு வெளுத்து மாவுப் பானையின் வாயை மூடி வேடு கட்டினாள். தோளில் எதையும் போடுவதில்லை, மழைத் தட்டலும் தண்ணீர் லாரித் தட்டலும் மறுபடி அவளுக்கும் விழுகின்றன, தெருவோடு சேர்ந்து அவளும் தலை திரும்புகிறாள், திரும்பிய வேகத்தில் பயமும் வருகிறது, வரட்டும் என்று விட்டுவிடுகிறாள்.

தாய் முடிந்தால் பிள்ளைக்குத் தட்டல் கிடையாது என்பதை முதலாள் மாற்றப்போவதில்லை. அதனால் சந்தனமாரி தன் ஏற்பாட்டைத் தானே செய்துகொண்டாள். போகலாம் தட்டல் விழுந்தால் மற்றவர்கள் முதலில் அடுப்பைத் தேடிப் போவார்கள். அவள் கை முதலில் உள்ளங்கைக்குப் போகும், கனிக்கு ஒரு இரட்டைவிரல், பிறகுதான் அடுப்பு, பிறகுதான் சாவி, பிறகுதான் பாய். தினமும் காலையில் எழுந்ததும் கையை அப்படிக் கொண்டுபோய்ப் பழக்குகிறாள், தட்டாமல் விரலை உள்ளங்கைக்கு மேலேயே நிறுத்தி. கடைசித் தட்டலுக்கு இந்த ஏற்பாடு செல்லாது, அது அவளுக்குத் தெரியும். அதற்குத்தான் மத்தியானத் தட்டல். அது வராத மத்தியானத்தில் மகள் தெரிந்துகொள்வாள், யார் கணக்கில் இருக்கிறோம் என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருக்கமாட்டாள்.

மத்தியானம் கிரைண்டரை நிறுத்துவாள், கையைக் கழுவுவாள், கனி என்று நினைத்து ஒரு தடவை தட்டுவாள். சேர்ந்ததோ இல்லையோ என்று விரல் துடிக்கும். அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொள்வாள். பிறகு எதிரே காலி வாசலைப் பார்த்தபடி, தலைப்பை இறக்கிவிட்டு, வெறுந்தோளோடு உட்கார்ந்திருப்பாள். கனியின் ஒற்றைவிரல் சில நாள் உடனே விழும், சில நாள் தாமதமாக விழும். விழுகிறவரைக்கும் கிரைண்டரைப் போடமாட்டாள்.